மெர்மெய்ட் தெருவும் ஜாதகம் பொறித்த வீடும்

இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில் ரை என்றொரு சிற்றூர் உள்ளது. அங்குள்ள மெர்மெய்ட் தெரு, பழைய படகுத்துறையான ஸ்ட்ராண்டில் தொடங்கி மேட்டில் ஏறி, சில நிமிட நடையிலேயே முடிந்துவிடும். அதன் படத்தைப் பார்க்கிற எவரும் 'என்ன அழகு!' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம் தருகிறது. ஏனெனில் அது அழகுக்காக அமைந்த தெருவே அல்ல, சரக்குப் போக்குவரத்துக்கு அமைந்த தெரு.

ஒரு காலத்தில் கடல் அந்த ஊரின் காலடிவரை வந்திருந்தது. துறையில் இறங்கிய பொருள்கள் இந்த மேட்டின் வழியேதான் ஊருக்குள் சென்றன. அன்று இதன் பெயர் நடுத்தெரு. 1377இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் கொளுத்தியதில் மரவீடுகள் சாம்பலாயின. இப்போதைய பெயருக்குக் காரணமான மெர்மெய்ட் விடுதி 1420இல் மீண்டும் எழுப்பப்பட்டது, ஆனால் அதன் நிலவறைகள் அதைவிடப் பழையவை. 18ஆம் நூற்றாண்டில் ஹாக்ஹர்ஸ்ட் கடத்தல் கும்பல் அங்கேதான் கூடிக் குடித்தது.

எனக்கு நெருக்கமானது ஜீக் இல்லம். வணிகரும் சோதிடருமான சாமுவேல் ஜீக் அதைக் கம்பளி வைக்கும் கிடங்காகக் கட்டினார். 1689 ஜூன் 13ஆம் நாள் நண்பகலில் கடைக்கால் போட்டு, அந்த வேளையின் கோள்நிலையைக் கல்லில் வெட்டி முகப்பிலேயே பதித்துவிட்டார். நாள் பார்த்து மனை கோலுவது நமக்குப் பழகிய வழக்கம்தான். ஆயினும் கட்டடத்தின் ஜாதகத்தையே போவோர் வருவோர் பார்க்கும்படி சுவரில் வைத்தவரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. சரக்கு கெடாமல் இருக்க வேண்டும், தொழில் தழைக்க வேண்டும் என்ற ஒரு வணிகரின் கவலை அந்தக் கல்லில் இன்னும் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

வண்டல் படிந்து துறை தூர்ந்தது. கடல் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் விலகிப்போனது. வணிகம் நலிந்த ஊரில், இருந்ததை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் வசதி பலருக்கு இல்லை. அதனால் மரச்சட்ட வீடுகளுக்கு முன்புறம் மட்டும் செங்கல் எழுப்பினார்கள், சுவரில் ஓடு பதித்தார்கள், உள்ளே பழைய உத்தரங்கள் அப்படியே நின்றன. இன்று நாம் வியக்கும் அந்த வரிசையை எவரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. மூன்று முக்கோண முகடுகள் கொண்ட ஹார்ட்ஸ்ஹார்ன் இல்லமும் அதைவிடச் சிறிய வீடுகளும் ஒரே சரிவில் தோளோடு தோள் நிற்பதற்கு அந்த நலிவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே இத்தெருவைக் காப்பது என்றால் சுவர்களைக் காப்பது மட்டும் போதாது. கால் இடறும் அந்த உருண்டைக் கற்களைச் சமப்படுத்தக் கூடாது. வீடுகளில் ஆண்டு முழுவதும் குடும்பங்கள் வாழவும் வேண்டும். இங்கே பல வீடுகளுக்கு எண்ணைவிடப் பெயரே அடையாளம். ஒன்று 'இரு முன்கதவு வீடு', இன்னொன்று 'இருக்கை உள்ள வீடு', மற்றொன்று வெறுமனே 'எதிர்வீடு'. எதிரில் குடியிருப்பவர் அன்றாடம் வாயால் சொல்லிச் சொல்லி நிலைத்தவை போல ஒலிக்கும் இப்பெயர்களை, வார இறுதியில் பெட்டியோடு வந்து இரண்டு நாள் தங்கிப் போகிறவர்கள் சூட்டியிருக்க முடியாது.