எக்ஸ்ரே அறைக்குள் பெண் வேண்டும்

இரண்டு நாளாக எல்லோர் போனிலும் சுற்றுகிற அந்த வேலை விளம்பரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "ரேடியோகிராபர் தேவை. ஆண்கள் மட்டும்." ரேடியோகிராபர் என்றால் எக்ஸ்ரே படம் எடுக்கிறவர். எந்த இடம் என்று நான் எழுதப் போவதில்லை, மட்டக்களப்பில் எல்லோருக்கும் தெரியும். விளம்பரத்தைவிட அதற்குக் கீழே "சரிதானே" என்று வந்த பதில்கள்தான் எனக்கு வலித்தது. அதில் மூன்று பேர் எனக்குத் தெரிந்தவர்கள். ஒருவருடைய அம்மாவுக்குப் படம் எடுத்ததே நான்தான்.

பதினெட்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: எக்ஸ்ரே அறைக்குள் பெண் வேண்டும். நோயாளிக்கு வேண்டும்.

மமோகிராம், அதுதான் மார்பக எக்ஸ்ரே, எப்படி எடுப்பது என்று தெரியுமா? மேலுடுப்பைக் கழற்றிவிட்டு இயந்திரத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். மார்பை நாங்கள்தான் கையால் தூக்கி, முன்னுக்கு இழுத்து, தட்டில் வைப்போம். மேலேயிருந்து இன்னொரு தட்டு இறங்கி அழுத்தும். நோகும். ஒரு பக்கத்துக்கு இரண்டு படம், மொத்தம் நான்கு. ஏறாவூரிலிருந்து வந்த ஒரு உம்மா, கட்டி கையில் தட்டுப்பட்டும் ஏழு மாதம் வராமல் இருந்திருக்கிறார். "ஆம்பிளதான் எடுப்பாங்க எண்டு சொன்னாங்க மகள்" என்று முக்காட்டை இறுக்கிப் பிடித்தபடியே நின்றார். கதவைப் பூட்டிக் காட்டிய பிறகுதான் கை தளர்ந்தது. அந்த ஏழு மாதத்துக்கு யார் பொறுப்பு?

"கதிர் பெண்களுக்குக் கூடாது" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணன், சுவிட்சை அழுத்தாத நேரம் அந்த எக்ஸ்ரே இயந்திரத்திலிருந்து ஒன்றும் வராது. அழுத்தும்போது நாங்கள் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறோம். உடம்பில் படுகிற கதிரை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளப்போம்; இந்த வேலை செய்கிறவர்களுக்கு ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பதுதான் சர்வதேசப் பரிந்துரை. ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். கர்ப்பம் என்று அறிவித்த பிறகு வயிற்றுப் பிள்ளைக்கு மிச்சக் காலம் முழுவதும் 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாதபடி வேலையை மாற்றித் தர வேண்டும். மூத்தவளை வயிற்றில் வைத்துக்கொண்டு, உடுப்பில் குத்தியிருக்கிற கதிர் அளக்கும் பேட்ஜின் அளவைக் கேட்டுக் கேட்டு, ஏழாம் மாதம் வரை வேலைக்குப் போனேன். அவள் இப்போது ஓ.எல். எழுதப் போகிறாள். முதலாம் உலகப் போரில் மேரி கியூரியும் மகள் ஐரீனும் எக்ஸ்ரே இயந்திரத்தை வண்டியில் ஏற்றிப் போர்முனைக்கே கொண்டு போனார்கள், 150 பெண்களளவில் பழக்கியும் விட்டார்கள். அன்றைக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. எல்லாம் இருக்கிற இன்றைக்கா எங்களுக்குக் கதவைச் சாத்துவது?

பெண்களுக்கு நோயாளியைத் தூக்க ஏலாதாம். நூறு கிலோ ஆளை எந்த ஆணும் தனியாகத் தூக்கக் கூடாது, நாலு கை சேர்ந்து விரிப்போடு நகர்த்துவதுதான் முறை. இரவு வேலையா? தாதியர் செய்யவில்லையா? அதோடு விடுகிறேன்.

"அப்ப ஆம்பிளைகள் வேலையில்லாமல் நிற்கிறதா?" நான் எங்கே அப்படிச் சொன்னேன்? எனக்குத் தொழில் பழக்கியதே ஒரு ஆண், ஒரு சிங்கள சேர். முதல் நியமனம் அம்பாறையில். நெஞ்சுப் படம் எடுக்க, மூச்சை இழுங்க என்பதைச் சிங்களத்தில் "ஹுஸ்ம கன்ன" என்று சொல்லக்கூட எனக்குத் தெரியாது. மூச்சைப் பிடிக்காவிட்டால் படம் கலங்கும், திரும்ப எடுக்க வேண்டும், கூடுதல் கதிர் நோயாளிக்குத்தான். அவர் எனக்குச் சிங்களம் சொல்லித் தந்தார், நான் அவருக்கு "மூச்சை இழுங்க, பிடிங்க" சொல்லிக் கொடுத்தேன். தமிழ் ஆட்கள் வந்தால் அதைச் சொல்லிவிட்டு, சரியா என்று என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

சரி, மனதில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் "மிஸ், படம் எடுக்கிற ஆள் எங்க?" என்றுதான் என்னிடம் கேட்பார்கள். பக்கத்தில் போன மாதம் வந்த தம்பியை "டொக்டர்" என்பார்கள். அதற்கெல்லாம் நான் கோபப்பட்டதில்லை. "ஆண்கள் மட்டும்" என்று அச்சடித்து வந்த பிறகு அழுகைதான் வந்தது.

அக்காவின் மகள் பேராதனையில் ரேடியோகிராபி கடைசி வருடம் படிக்கிறாள். அந்த விளம்பரத்தை எனக்கு அனுப்பி, "சித்தி, நான் படிச்சு முடிச்சு ஊருக்கு வரவா, வேணாமா?" என்று கேட்டிருக்கிறாள். இன்னும் பதில் எழுதவில்லை. அந்த விளம்பரம் போட்டவர் இதைப் படித்தால், அந்த இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். அதை அவளுக்கு அனுப்ப வேண்டும்.