பேர் ஒன்று, பின் 288, ஆனால் உள்ளே போகாது

"ரேம் போடுறது பல்பு மாட்டுற மாதிரிதான்" என்று முதலில் சொன்ன மகராசன் யாரோ, அவர் ஒரு நாள் என் கையில் சிக்க வேண்டும்.

வீட்டு கம்ப்யூட்டரில் இருந்த ரேம், அதாவது வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம், 8 ஜிபி. பத்து டேப் திறந்தால் மூச்சு வாங்குகிறது. சரி, இன்னொரு 16 சேர்ப்போம் என்று ரிச்சி தெருவுக்குப் போனேன். ரேமை மாட்டும் மதர்போர்டு என்ன மாடல் என்றார் கடைக்காரர். பி760 என்றேன். "புது போர்டு சார், புது தலைமுறை ரேம் டிடிஆர்5தான், கண்ண மூடிட்டுப் போடுங்க."

கண்ணைத் திறந்துகொண்டுதான் போட்டேன். அழுத்துகிறேன், அழுத்துகிறேன், 'டக்' சத்தம் வரவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், ரேமின் அடியில் வெட்டு ஓர் இடத்தில், ஸ்லாட்டில் மேடு வேறோர் இடத்தில். இன்னும் கொஞ்சம் வீரம் காட்டியிருந்தால் போர்டே போயிருக்கும்.

பரணில் கிடந்த போர்டின் அட்டைப்பெட்டியை இறக்கினேன். பேரின் வாலில், எறும்பு மாதிரி, 'டி4'. அதாவது இது முந்தைய தலைமுறை டிடிஆர்4 ரேம் போடும் போர்டு! அதே பி760 பேரில் டிடிஆர்5 போர்டும் விற்கிறார்கள். இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறை பிராசசர்கள் இரண்டு ரேமையும் ஏற்கும் என்பதால் இந்தக் கூத்து. போட்டிக் கம்பெனி ஏஎம்டியின் ஏஎம்5 போர்டு வைத்திருப்பவன் புண்ணியவான், அவனுக்கு டிடிஆர்5 மட்டும்தான், குழப்பமே இல்லை. ஏன்டா, பெட்டியின் முகப்பில் கலர் கலராய் மின்னும் ஆர்ஜிபி லைட்டுக்கு அத்தனை இடம் இருக்கிறதே, எந்த ரேம் என்று அதே அளவில் அடித்தால் மை தீர்ந்துவிடுமா? ரேமின் அடியில் வரிசையாக இருக்கும் உலோகப் பட்டைகள்தான் பின்; டிடிஆர்4க்கும் 288 பின், டிடிஆர்5க்கும் 288 பின். எண்ணிப் பார்த்தாலும் பிடிபடாது.

மாற்றப் போனால், "கவர் பிரிச்சிட்டீங்களே சார்." கண்ணை மூடச் சொன்ன அதே வாய்! முந்நூறு ரூபாய் பிடித்துக்கொண்டுதான் 3200 வேகத்து டிடிஆர்4 கொடுத்தார்.

போர்டு கம்பெனியின் தளத்தில் சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. இந்த முறை அதையும் பார்த்தேன். நான் வாங்கியது அதில் இல்லை. அதில் இருப்பது எந்தக் கடையிலும் இல்லை. இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஓடும் என்கிறார்கள். அப்புறம் எதற்கையா அந்தப் பட்டியல்?

ஓடியது. ஆனால் பழைய ரேமின் வேகம் 2666. அதனால் புதுசும் அதோடு சேர்ந்து 2666இல் நொண்டுகிறது. ராத்திரி ரேம் வேகத்தைக் காட்டும் சிபியு-இசட் என்ற புரோகிராமில் பார்த்தால் 1333! ஏமாற்றிவிட்டான் என்று கடைக்குப் போனைப் போட்டு, ரிங் போகும்போதுதான் உறைத்தது: அது காட்டுவது பாதிக் கணக்கு, இரண்டால் பெருக்க வேண்டும். கட் செய்துவிட்டேன். அவர் திருப்பிக் கூப்பிடுகிறார், இன்னும் எடுக்கவில்லை.