உரைப்பாரும் உளர்

நேற்று இரவு ஒரு நண்பரோடு போனில் ஒன்றரை மணி நேரம் வாக்குவாதம். விஷயம் புதிதல்ல. வள்ளுவர் சமணர் என்பது அவர் கட்சி. "ஆதிபகவன்னா சமணர்களோட முதல் தீர்த்தங்கரர் ஆதிநாதர்தாங்க, இதுல என்ன சந்தேகம்?" என்றார். போன மாதம் இன்னொரு நண்பர் அதே முதல் அதிகாரத்தை வைத்துக்கொண்டு, அதே உறுதியோடு, வள்ளுவர் சைவர் என்று சாதித்தார். இருவரும் நன்றாகப் படித்தவர்கள், குறளை உயிராக நேசிப்பவர்கள். இருவரிடமும் எனக்கு ஒரே வருத்தம்தான். எதிர்க்கட்சியின் வாசிப்பை, அந்தக் கட்சிக்காரரே ஒத்துக்கொள்ளும்படி ஒருமுறை எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். இருவராலும் முடியவில்லை.

குறளைத் தம்முடையது என்று சொல்லாத சமயம் தமிழ்நாட்டில் அநேகமாக இல்லை. நீலகேசி என்ற சமணக் காப்பியத்துக்கு உரை எழுதிய சமய திவாகர வாமன முனிவர் என்ற சமணர் குறளை 'எம்மோத்து' என்கிறார். அதாவது எங்கள் மறை. அயோத்திதாசப் பண்டிதர் அதைத் 'திரிக்குறள்' என்று எழுதி, பௌத்தத்தின் திரிபிடகத்தோடு சேர்த்தார். ஜி.யு. போப் 1886இல் வெளிவந்த தன் மொழிபெயர்ப்பின் முன்னுரையில், மயிலாப்பூரில் வாழ்ந்த வள்ளுவரின் காதில் கிறித்துவப் போதனை விழுந்திருக்கும் என்று கருதினார். அவருக்கு முன்பே 1730இல் லத்தீனில் மொழிபெயர்த்த வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் எடுத்துக்கொண்டு காமத்துப்பாலை விட்டுவிட்டார். எதை விடுகிறோம் என்பதும் ஒரு விளக்கம்தானே. 1949இல் பெரியார் சென்னையில் திருக்குறள் மாநாடு நடத்தினார். ஒரு நூலை இத்தனை பேர் உரிமை கொண்டாடுவது எனக்குத் தவறாகவே படவில்லை. எப்படிக் கொண்டாடுகிறோம் என்பதில்தான் என் கவலை.

மூன்றாம் குறளைப் பாருங்கள்.

மலர்மிசை ஏகினான் மாணடி சேர்ந்தார்
நிலமிசை நீடுவாழ் வார்.

மலரின் மேல் சென்றவன் யார்? பழைய உரைகளில் ஒன்றான மணக்குடவர் உரை 'மலரின்மேல் நடந்தான்' என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகிறது. சமணர்களுக்கு இதில் சிக்கலே இல்லை. தாமரை மேல் நடந்தவர் அருகக் கடவுள். சிலப்பதிகாரத்தில் சமணத் துறவியான கவுந்தியடிகள் "மலர்மிசை நடந்தோன் மலரடி அல்லதென் தலைமிசை உச்சி தானணிப் பொறாஅது" என்கிறாரே, அதே வழக்குதான் இது. என் நண்பரின் கட்சிக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

இன்னொரு பழைய உரைகாரரான பரிமேலழகர் வைணவ மரபில் வந்தவர். அவர் என்ன செய்கிறார்? மலர் என்பது அன்போடு நினைப்பவரின் உள்ளக் கமலம் என்கிறார். அப்படியானால் 'ஏகினான்' என்று ஏன் இறந்த காலம்? நினைத்தவுடன் விரைந்து வந்து சேர்வதால் வந்தே விட்டதாகச் சொன்னார் என்கிறார். 'விரைவு தோன்றச் சொல்லும்போது நடக்கப் போவதையும் நடப்பதையும் நடந்ததாகச் சொல்லலாம்' என்ற தொல்காப்பிய விதி அவருக்குத் துணை. நாமும் தினமும் அப்படித்தான் பேசுகிறோம். வீட்டை விட்டுக் கிளம்பாமலே "இதோ வந்துட்டேன்" என்கிறோம் இல்லையா?

அதோடு அவர் நிறுத்திக்கொண்டிருக்கலாம். நிறுத்தவில்லை. 'பூமேல் நடந்தான்' என்ற பெயரை வைத்து இதை வேறொரு கடவுளுக்கு ஏற்றிச் சொல்பவரும் உண்டு என்று, தனக்கு ஒவ்வாத வாசிப்பையும் தன் உரைக்குள்ளேயே எழுதி வைக்கிறார். 'அறவாழி அந்தணன்' என்ற இடத்தில் ஆழியைக் கடல் என்று கொண்டவர், அதைத் தரும சக்கரம் என்று உரைப்பாரும் உளர் என்று குறித்துவிட்டு நகர்கிறார்.

'உரைப்பாரும் உளர்.' இந்த இரண்டு சொற்கள் மேல் எனக்கு அத்தனை மரியாதை. குறளுக்குப் பதின்மர் உரை எழுதினார்கள் என்கிறது பழம்பாடல். கிடைத்தவை ஐந்தே. மணக்குடவர், பரிப்பெருமாள், பரிதியார், காலிங்கர், பரிமேலழகர். மற்ற ஐவரின் சுவடிகளைக் கரையான் தின்றதோ ஆற்று வெள்ளம் கொண்டுபோனதோ, யார் கண்டது. மணக்குடவரின் அறத்துப்பால் உரையையே 1917இல் வ.உ.சி. பதிப்பித்த பிறகுதான் பலர் கண்ணால் பார்த்தார்கள். அதுவரை பழைய மாற்று வாசிப்புகள் இருந்தன என்பதைப் பரவலாக வாசிப்பவர்கள் தெரிந்துகொண்டது பெரும்பாலும் பரிமேலழகர் அவற்றை எடுத்துச் சொல்லி மறுத்ததால்தான். மறுத்தவரே காப்பாற்றியிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒன்பதாம் குறளில் 'எண்குணத்தான்' என்று வருகிறது. எந்த எட்டுக் குணம்? தன்வயத்தனாதல், தூய உடம்பினனாதல், இயற்கை உணர்வினனாதல் என்று தொடங்கி எட்டையும் எண்ணிச் சொல்லிவிட்டு, இவ்வாறு சைவாகமத்தில் கூறப்பட்டது என்கிறார் பரிமேலழகர். வைணவர் சைவ ஆகமத்தை மேற்கோள் காட்டுகிறார்! கூடவே, அணிமா முதலிய எட்டு என்பாரும், கடையிலா அறிவு முதலிய எட்டு என்பாரும் உளர் என்கிறார். இந்தக் கடைசி வாசிப்பு சமணர்களுடையது. ஒரே பத்தியில் மூன்று வழக்குகள். முதன்முதலில் இந்த இடத்தைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சமயச் சண்டை நடந்த காலத்தில் ஒரு மனிதர் இப்படி எழுத முடிந்திருக்கிறது.

சரி, அதற்காகப் பரிமேலழகர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. அவர் தன் உரைப்பாயிரத்தில் அறத்துக்குத் தரும் வரையறையை என்னால் ஏற்கவே முடியாது. "அறமாவது மனு முதலிய நூல்களில் விதித்தன செய்தலும், விலக்கியன ஒழிதலுமாம்" என்கிறார். வள்ளுவர் அறத்துக்குத் தானே வரையறை சொல்லியிருக்கிறாரே! "மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன்" என்கிறார். அடுத்த குறளில் "அழுக்காறு அவாவெகுளி இன்னாச்சொல் நான்கும் இழுக்கா இயன்றது அறம்" என்கிறார். பொறாமையும் பேராசையும் கோபமும் கடுஞ்சொல்லும் இல்லாமல் நடப்பது எந்தக் குலத்துக்கும் பொது. மனு விதிப்பது அப்படிப் பொதுவானதல்ல. அங்கே ஆளுக்கு ஆள் விதி மாறும். நூலுக்குள்ளேயே ஆசிரியரின் வரையறை இருக்கும்போது, வெளியிலிருந்து ஒரு வரையறையைக் கொண்டுவந்து வாசலிலேயே நிறுத்தி வைப்பது பெரிய பிழை. அந்தப் பிழை எழுநூறு ஆண்டுகளாகக் குறள் வாசிப்பின் மேல் நிழலாக விழுந்து கிடக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது.

முப்பாலை அறம், பொருள், இன்பம், வீடு என்ற நான்கு புருஷார்த்தங்களுக்குள் பொருத்தப் பார்ப்பதும் இந்த வகைதான். வீட்டுப்பால் எங்கே என்ற கேள்விக்கு, வீடு சிந்தைக்கும் சொல்லுக்கும் எட்டாதது, ஆகவே அதற்குக் காரணமான துறவறத்தின் வழியாகச் சொல்லப்பட்டது என்கிறார் பரிமேலழகர். அழகான பதில். ஆனால் 'இன்பமும் பொருளும் அறனும்' என்று மூன்றாக எண்ணும் வழக்கு தொல்காப்பியத்திலேயே இருக்கும்போது அந்தக் கேள்விக்கே இடமில்லை என்பது என் எண்ணம்.

இவ்வளவும் சொன்ன பிறகு நேற்று நண்பர் கேட்டார்: "அப்ப ஆளுக்கொரு அர்த்தம் சொல்லிக்கலாம்னு சொல்றீங்களா?" இல்லை. எல்லா விளக்கமும் சமம் என்று நான் நம்பவில்லை. சொல் அந்தக் காலத்தில் அந்தப் பொருளில் வழங்கியதா, இலக்கணம் இடம் கொடுக்கிறதா, அதே நூலின் மற்ற குறள்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். நமக்குப் பிடித்த பொருள் வரும்போதுதான் இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். "தெய்வம் தொழாஅள்" குறளில் 'பெய்யெனப் பெய்யும் மழை' என்பதை, வேண்டிய நேரத்தில் பெய்யும் மழையைப் போன்றவள் என்று உவமையாக்கும் ஒரு புது விளக்கம் உண்டு. அது உண்மையாக இருக்க வேண்டும் என்று மனம் ஏங்குகிறது. கணவனைத் தொழுவது அப்போதும் போகவில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அங்கே 'போல' என்பது போன்ற உவம உருபு இல்லை. தொக்கி நிற்கிறது என்று வாதாடலாம்தான். ஆனால் கற்பின் ஆற்றலால் மழை பெய்யும் என்பது அந்தக் காலத்து நூல்களில் திரும்பத் திரும்ப வரும் நம்பிக்கை. அதைத் தள்ளிவிட்டு நமக்கு உவப்பான பொருளை ஏற்றினால் நாமும் மனுவைக் கொண்டுவந்த அதே வேலையைத்தான் செய்கிறோம். வள்ளுவர் நமக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லியிருக்கலாம் என்று ஒத்துக்கொள்வதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

எனக்கே தீராத ஒரு குறள் இருக்கிறது.

அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை
பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை.

பழைய உரை: அறத்தின் பயன் இது என்று நூல் கொண்டு சொல்ல வேண்டியதில்லை, பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஏறிச் செல்பவனையும் பார்த்தாலே தெரியும். அதாவது முற்பிறப்பில் அறம் செய்தவன் ஏறிப் போகிறான், செய்யாதவன் சுமக்கிறான். இன்றைக்குப் பலர் சொல்லும் பொருள் நேர் எதிர். சுமப்பவன், போகிறவன் இருவருக்கும் நடுவே நின்றுகொண்டு 'இதுதான் அறத்தின் வழி' என்று சொல்லாதே.

நான் இரண்டாவது கட்சி. அதற்குக் காரணம் இருக்கிறது. 'ஆறு' என்றால் வழி. பரிமேலழகர் அதைப் 'பயன்' என்று மாற்றிக்கொள்கிறார். பொருளை முடிக்க 'உணரப்படும்' என்று குறளில் இல்லாத சொல்லை, சொல்லெச்சம் என்று சொல்லி வெளியிலிருந்து சேர்க்கிறார். புது வாசிப்புக்கு இந்த இரண்டுமே தேவையில்லை. சொற்கள் இருக்கிற இடத்திலேயே பொருள் தருகின்றன. "இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றி யான்" என்று படைத்தவனையே சபித்த மனிதர், பல்லக்குத் தூக்கியின் தோளைக் காட்டி 'பார், இதுதான் உன் வினைப்பயன்' என்று சொல்லியிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

நேற்று இதைச் சொன்னபோது நண்பர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்ப 270ஆம் குறளை என்ன செய்வீங்க?" என்றார்.

இலர்பலர் ஆகிய காரணம் நோற்பார்
சிலர்பலர் நோலா தவர்.

இல்லாதவர்கள் பலராக இருப்பதற்குக் காரணம், தவம் செய்பவர் சிலர், செய்யாதவர் பலர். இங்கே எந்தச் சொல்லையும் திருப்ப வழியில்லை. ஊழ் என்று ஒரு முழு அதிகாரமும் இருக்கிறது. பல்லக்குக் குறள் இருக்கும் அதிகாரத்திலேயே, அடுத்த குறள், விடாமல் அறம் செய்தால் அது பிறவி வரும் வழியை அடைக்கும் கல் என்கிறது. அதற்கு முந்தைய குறளும் பின் வரும் பயனைத்தான் பேசுகிறது. இடம் நோக்கிப் பார்த்தால் பழைய உரைக்குத்தான் வலு. மணக்குடவரும் பரிமேலழகரும் மற்ற இடங்களில் எவ்வளவு வேறுபட்டாலும் இந்தக் குறளில் ஏறத்தாழ ஒன்றாகவே நிற்கிறார்கள். என் கட்சியைச் சொல்லும் பழைய உரைகாரர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

நண்பரிடம் இதை ஒத்துக்கொண்டேன். அவரும் எண்குணத்தான் இடத்தை இன்னொரு முறை படித்துப் பார்க்கிறேன் என்றார். இன்று காலை என் பழைய பிரதியை எடுத்து, 37ஆம் குறளான அந்தப் பல்லக்குக் குறளின் ஓரத்தில் நான் எழுதி வைத்திருந்த பொருளுக்குக் கீழே, அறத்தின் பயன் என்று உரைப்பாரும் உளர், 270ஐப் பார்க்க, என்று பென்சிலால் எழுதினேன்.