பெயர் கொடுத்தால் மட்டும் போதாது

"கோடை வகுப்பில் சேர்த்தாலே வாசிப்பும் கணக்கும் முன்னேறும், ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் ஆய்வு நிரூபித்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. பாஸ்டன், டல்லஸ் உட்பட 5 அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களில், கோடை வகுப்பில் இடம் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் என்று குலுக்கல் முறையில் பிள்ளைகளைப் பிரித்து 2013இல் தொடங்கிய ஆய்வு அது. முதல் கோடை முடிந்ததும் கணக்கில் முன்னேற்றம் தெரிந்தது. வாசிப்பில் சொல்லும்படி எதுவும் இல்லை. கூடுதல் பலன் தெரிந்தது 20 நாளாவது வந்த பிள்ளைகளிடம். (அவர்கள் ஏற்கெனவே ஆர்வமுள்ளவர்களாக இருந்திருக்கலாம், அதையும் மறக்க வேண்டாம்.)

அப்புறம், "கோடை வகுப்புக்கு மே மாதம் திட்டமிட்டால் போதும்" என்று அவர் சொல்வதும் தவறு. ஜனவரிக்குள் திட்டமிடத் தொடங்குங்கள், வகுப்பு குறைந்தது 5 வாரம், தினமும் குறைந்தது 3 மணி நேரம் பாடம் என்பதுதான் அந்த ஆய்வாளர்களின் பரிந்துரை. நல்ல ஆசிரியர்களைக் கடைசி நேரத்தில் எங்கே போய்ப் பிடிப்பது?