ஜன்னல் சீட்டு என்று ஒரு ஏமாற்று

ஏசி பெட்டியின் ஜன்னல் கண்ணாடியைக் கடைசியாக யார், எதை வைத்துத் துடைத்தார்கள்? அவரை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

இந்தத் தை மாதம் மதுரையிலிருந்து சென்னைக்குக் காலை வண்டி. கிழக்குப் பக்கம் ஜன்னல் சீட்டு விழுந்ததில் எனக்கு இரண்டு நாளாகத் தலைகால் புரியவில்லை. சோழவந்தான் தாண்டியதும் தென்னந்தோப்பு, அதற்கு அந்தப் பக்கம் சிறுமலை, மலையின் இடுப்பில் சுற்றிக் கிடக்கும் பனி. அந்த நேரத்தில் அந்த வழியாகப் போனவர்களுக்குத் தெரியும். ஆசையாகத் திரையை விலக்கினேன். வெளியே சூரியன் வந்துவிட்டதா, இன்னும் விடியவே இல்லையா என்றுகூடப் புரியவில்லை. கண்ணாடியில் ஏற்கெனவே சாயம். அதன்மேல் உப்புத்தண்ணீர் காய்ந்த புள்ளி, பிரஷ் போட்டுத் தேய்த்த கீறல். போனைத் தூக்கினால் அதுவும் மலையை விட்டுவிட்டுக் கீறலைத்தான் ஃபோகஸ் செய்கிறது. போதாக்குறைக்குப் பக்கத்தில் மாமனார், சலவை கலையாத வெள்ளைச் சட்டையில்; அந்தச் சட்டை அப்படியே கண்ணாடியில் பிரதிபலிக்கிறது. எடுத்தது பதினேழு படம். பதினேழிலும் சிறுமலைக்கு நடுவில் அவர் சட்டைப் பையும் பேனாவும்.

திண்டுக்கல்லில் வண்டி நின்றதும் தண்ணீர் பாட்டிலையும் பழைய பேப்பரையும் எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினேன். பிளாட்பாரத்தில் நின்றவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அழுத்தித் துடைத்து, கண்ணாடி பளபளவென்று ஆனபிறகு மூச்சிரைக்க ஏறி உட்கார்ந்தால், என் ஜன்னல் போட்டது போட்டபடி இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாத கண்ணாடி அல்லவா, எண்ணிக்கை தப்பிவிட்டது. நான் துடைத்தது முன்வரிசைக்காரர் ஜன்னலை. அவர் திரையை இழுத்துவிட்டு விழுப்புரம் வரை தூங்கினார்.

இதைச் சொன்னால் மச்சினன், “கதவுகிட்ட நின்னு எடுக்க வேண்டியதுதானே அத்தான்” என்கிறான். ஏன், என் தலை என்ன சிக்னல் கம்பத்தில் அடிக்கவா வளர்ந்திருக்கிறது? ரயில்வே ஊழியர் எச்சரித்த பிறகும் படிக்கட்டில் பயணம் செய்தால் ரயில்வே சட்டம் 1989, பிரிவு 156-ன்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு படத்துக்காகக் கம்பியைப் பிடித்துத் தொங்கும் பிள்ளைகளைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும். உள்ளே உட்கார்ந்து பார்க்கத்தானே காசு கொடுத்தேன்?

சரி, விமானமாவது ஒழுங்கா? சென்னையிலிருந்து திரும்ப ஒரு தடவை விமானத்தில் வந்தேன். ஜன்னல் சீட்டுக்குத் தனியாகக் காசு வாங்கினார்கள். போய் உட்கார்ந்தால் தோளுக்கு நேராகச் சுவர். ஒரு ஜன்னல் எனக்கு முன்னால், இன்னொன்று பின்னால். பின்சீட்டுக்காரர் அவர் பக்கத்து மறைப்பை இழுத்து மூடிவிட்டுத் தூங்கிவிட்டார். (ஜன்னலின் நடுத் தகட்டில் குட்டியாக ஓர் ஓட்டை இருக்கும்; அது காற்றழுத்தம் சமனாகவும் கண்ணாடியில் பனி படியாமல் இருக்கவும் வைத்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். அதைச் சுற்றியிருக்கும் கீறலுக்கு என்ன காரணம் சொல்வார்கள்?) ஆபத்து என்றால் வெளியே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும், அதனால் இறங்கும்போது மறைப்பைத் திறக்கச் சொல்வார்கள். அந்தப் புண்ணியத்தில் கடைசி ஐந்து நிமிடம் கிடைத்தது. கழுத்தை ஒடித்து எட்டிப் பார்த்தால் கீழே கண்மாய்கள் வெயிலில் தகடு தகடாக மின்னுகின்றன, தூரத்தில் யானைமலை படுத்திருக்கிறது. படத்தில் வந்தது முன்சீட்டின் முதுகும் என் கட்டைவிரலும்.

இத்தனைக்கும் நடுவில் எங்கள் மதுரை–போடி பாசஞ்சர் வண்டியைப் பாருங்கள். அகலப்பாதை போடுவதற்காக 2010 கடைசியில் பழைய மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். அகலப்பாதையில் தேனிக்கு வண்டி வர 2022 மே ஆனது, போடிக்கு 2023 ஜூன். முன்பதிவு கிடையாது, சில்லறைக் காசில் டிக்கெட், ஏசி இல்லை. ஜன்னலில் நாலு கம்பி, அவ்வளவுதான். கம்பிகளுக்கு நடுவில் போனை வைத்தால் நாகமலை அப்படியே வந்து உட்காருகிறது. உசிலம்பட்டி தாண்டிக் கணவாய்ப் பக்கம் போனால் பாறை கைக்கெட்டும் தூரத்தில் வருகிறது. ஒரு கீறல் இல்லை, ஒரு வெள்ளைச் சட்டை இல்லை. காசு கூடக் கூட ஜன்னல் கெட்டுப்போவது என்ன கணக்கு ஐயா இது?

அடுத்த மாதம் தாம்பரத்தில் கொழுந்தியா மகளுக்குக் காதுகுத்து. “வெயில் தாங்காது, ஏசியிலேயே போடுங்க” என்று வீட்டில் உத்தரவு. போட்டாயிற்று. பையில் முதலில் வைத்தது ஈரத்துணியும் தண்ணீர் பாட்டிலும். மாமனாருக்குக் கறுப்புச் சட்டை எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.