சிகரெட் தொடாதவருக்கும் வரும்
புகையும் மதுவும் இல்லாதவர்கள் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குப் பயப்பட வேண்டியதில்லை என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. என் சித்தப்பாவுக்கு இரண்டு பழக்கமும் கிடையாது. சவரம் செய்யும்போது தாடைக்குக் கீழே ஒரு கட்டி தட்டுப்பட்டது, வலியே இல்லை. ‘சிகரெட்டே தொடாதவர், சும்மா நெறி கட்டியிருக்கும்’ என்று மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தே ஓட்டினார்கள். அப்புறம் கட்டியிலிருந்து ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில், டான்சிலில் வந்த புற்று அங்கே பரவியிருந்தது தெரிந்தது. காரணம் எச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரஸின் 16ஆம் வகை. இந்த வைரஸால் வரும் புற்று சிகிச்சைக்குப் பெரும்பாலும் நன்றாகக் கட்டுப்படும் என்பதால், அந்தத் தாமதம்தான் இன்னும் மனதை அறுக்கிறது. மூன்று வாரம் தாண்டியும் கட்டி கரையாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். மேலே கருத்து எழுதிய ஒருவர் எச்பிவி தடுப்பூசி பெண்களுக்கு மட்டும்தானே என்கிறார். இல்லை, 9 வயதிலிருந்தே ஆண் பிள்ளைகளுக்கும் போடலாம்.