ஹாம்லெட் தயங்கவில்லை

"முடிவெடுக்கத் தெரியாத இளவரசன்." ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் என்று பேச்செடுத்தாலே இந்த வாக்கியம் முன்னால் வந்து நிற்கிறது. 1948இல் லாரன்ஸ் ஒலிவியர் எடுத்த திரைப்படம், ஒரு முடிவுக்கு வர முடியாமல் போன மனிதனின் சோகக் கதை இது என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறது. நல்லவன், மென்மையானவன், அளவுக்கு மீறி யோசித்தவன், அதனால் பழிவாங்கத் தாமதித்தவன் என்றே தலைமுறை தலைமுறையாகப் பாடம் நடத்துகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. இந்த வாசிப்பு நாடகத்தில் இருக்கும் கொடூரத்தை மூடி மறைக்கிறது. அதில் மறைந்தே போகிறவள் ஹாம்லெட் காதலித்த ஒஃபீலியா.

முதலில் அந்தத் தாமதம் எவ்வளவு என்று பார்ப்போம். முதல் அங்கத்தில், தந்தை இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்கிறான் ஹாம்லெட். மூன்றாம் அங்கத்தில் அரசவையில் நாடகம் பார்க்க உட்காரும்போது, நான்கு மாதம் ஆகிவிட்டதே என்று ஒஃபீலியா நினைவூட்டுகிறாள். தந்தையின் ஆவி வந்து, தம்பி கிளாடியஸ் தன்னைக் கொன்று அரியணையையும் மனைவியையும் எடுத்துக்கொண்டான் என்று சொன்னதற்கும் இதற்கும் நடுவே ஓடியது ஏறத்தாழ இரண்டு மாதம். கையில் இருக்கும் ஒரே சாட்சி ஓர் ஆவி. அதுவும் தந்தையின் உருவில் வந்த சாத்தானாக இருக்கலாம் என்று அந்தக் காலத்து மனிதன் அஞ்சியதில் வியப்பில்லை. ஆகவே நடிகர்களை வைத்து அதே கொலையை மேடையேற்றுகிறான். நண்பன் ஹொரேஷியோவையும் துணைக்கு வைத்துக்கொண்டு சித்தப்பன் கிளாடியஸின் முகத்தைக் கூர்ந்து பார்க்கிறான். கிளாடியஸ் பதறி எழுந்துவிடுகிறான். இதுவரை நடந்தது விசாரணை. நியாயமான விசாரணை. இதைக் கோழைத்தனம் என்று யார் சொன்னாலும் ஏற்க மாட்டேன்.

ஆனால் அடுத்த காட்சி வேறு. கிளாடியஸ் தனியாக மண்டியிட்டிருக்கிறான். காவலர் இல்லை, சாட்சி இல்லை. ஹாம்லெட் வாளோடு பின்னால் வந்து நிற்கிறான். ஐயம் தீர்ந்துவிட்டது, வாய்ப்பும் வந்துவிட்டது. ஏன் வெட்டவில்லை? காரணத்தை அவனே வாய்விட்டுச் சொல்கிறான். ஜெபத்தில் இருப்பவனைக் கொன்றால் அவன் ஆன்மா மோட்சத்துக்குப் போய்விடும். அது பழிவாங்கல் ஆகாது. குடித்துக் கிடக்கும்போது, கோபவெறியில் இருக்கும்போது, சூதாடும்போது, முறைகெட்ட படுக்கையில் இருக்கும்போது வெட்ட வேண்டும். அப்போதுதான் நேரே நரகத்துக்குப் போவான். கொல்லத் தயங்கியவன் பேசும் பேச்சா இது? கொலை மட்டும் போதாது, நித்திய நரகமும் வேண்டும் என்று கேட்கும் பேச்சு!

ஆங்கிலத் திறனாய்வாளர் சாமுவேல் ஜான்சன் 1765இல் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் பதிப்பில், இந்த வசனம் படிக்கவோ உச்சரிக்கவோ முடியாத அளவுக்குப் பயங்கரமானது என்று எழுதினார். அவர் சரியாகத்தான் படித்தார். பிறகு வந்த கவிஞர் கோல்ரிட்ஜ், தயக்கத்தை மறைக்க ஹாம்லெட் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சாக்கு இது என்று மெருகு பூசிவிட்டார். அந்த மெருகு இன்றுவரை கலையவில்லை.

சாக்கு என்றால் அடுத்து நடப்பதற்கு என்ன விளக்கம்? சில நிமிடங்களில் தாயின் அறையில், திரைச்சீலைக்குப் பின்னால் சத்தம் கேட்டதும் "எலி" என்று கத்தியபடி வாளைப் பாய்ச்சுகிறான். விழுந்தவர் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த பொலோனியஸ், அரசனின் ஆலோசகர், ஒஃபீலியாவின் தந்தை. அது அரசனா என்று ஹாம்லெட் கேட்பதிலிருந்தே யாரைக் கொல்ல நினைத்தான் என்பது தெரிகிறது. ஜெபத்தில் இல்லாமல், ஒளிந்து வேவு பார்க்கிற அரசன் என்றால் அவன் கை ஒரு நொடியும் தாமதிக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிளாடியஸ் அவனை இங்கிலாந்துக்கு அனுப்பும் கப்பலில், தன்னைக் கொல்லச் சொல்லும் அரசனின் ஓலையைக் கண்டெடுத்து, அதற்குப் பதிலாக வேறு ஓலை எழுதி, தந்தையின் முத்திரையைப் பதிக்கிறான். கொண்டுவருபவர்களை உடனே கொன்றுவிடுங்கள், சாகுமுன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்யக்கூட அவகாசம் தராதீர்கள் என்பது கட்டளை. சாகிறவர்கள் அவனோடு வளர்ந்த ரோசன்கிராண்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னும். அவர்கள் அரசனுக்கு வேவு பார்த்தவர்கள்தாம். ஆனால் கடிதத்தில் என்ன இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு நாடகத்தில் ஆதாரமே இல்லை. முதல் அங்கத்தில் ஆவி எதைச் சொல்லிப் புலம்பியது? பாவசங்கீர்த்தனம் இல்லாமல், நற்கருணை இல்லாமல், சாகிறவருக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் இல்லாமல் தூக்கத்திலேயே கொல்லப்பட்டேன் என்பதைச் சொல்லித்தானே! தந்தைக்கு நேர்ந்த அநீதிகளில் ஆகக் கொடியது எதுவோ, அதையே மகன் தன் பழைய நண்பர்களுக்குச் செய்கிறான். அவர்கள் என் மனச்சாட்சியை உறுத்தவில்லை என்று ஹொரேஷியோவிடம் சொல்லவும் செய்கிறான். என்னைப் பொறுத்தவரை, நாடகத்தில் ரத்தம் உறையவைக்கும் இடம் இதுதான்.

இனி ஹாம்லெட் நடிக்கும் அந்தப் பித்து. 1200ஆம் ஆண்டையொட்டி டென்மார்க்கின் சாக்ஸோ கிரமாட்டிகஸ் லத்தீனில் எழுதிய வரலாற்றில் இந்த இளவரசனின் பெயர் ஆம்லெத். அங்கே தந்தையைச் சித்தப்பன் கொன்றது ஊரறிந்த விஷயம். அடுத்த பலி தான்தான் என்று தெரிந்து, உயிர் பிழைக்கப் பைத்தியமாக நடிக்கிறான் பையன். நடிப்பு அவனுக்குக் கவசம். ஷேக்ஸ்பியரோ கொலையை யாருக்கும் தெரியாத ரகசியமாக ஆக்கிவிட்டார். ஹாம்லெட் சும்மா இருந்திருந்தால் அவன்மேல் யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. பைத்தியமாக நடித்ததுதான் அரசனின் கண்ணை அவன் பக்கம் திருப்புகிறது. அப்படியென்றால் அந்தப் பித்தால் அவனுக்கு என்ன பயன்? யாரிடமும் எதையும் பேசலாம், அதற்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை. பொலோனியஸிடம் அது கேலியாக வருகிறது. ஒஃபீலியாவிடம் கொடுமையாக வருகிறது.

அவளைத் தந்தையும் அரசனும் கையில் பிரார்த்தனைப் புத்தகத்தைக் கொடுத்துத் தூண்டில் புழுவாக நிறுத்துகிறார்கள். காதலித்தவன் கன்னிமாடத்துக்குப் போ என்று அவளைத் திட்டுகிறான். அரசவை முழுவதும் கூடியிருக்கும் இடத்தில் அவளிடம் ஆபாசமாகப் பேசுகிறான். பிறகு அவள் தந்தையைக் கொன்று, உடலையும் இழுத்துக்கொண்டு போகிறான். மரியாதை எதுவும் இல்லாமல் அவசர அவசரமாகப் புதைக்கிறார்கள். அண்ணன் பிரான்சில், ஹாம்லெட் கப்பலில். அவளுக்கென்று பேச ஓர் ஆள் இல்லை.

அப்போதுதான் நாடகத்தின் உண்மையான பித்து மேடைக்கு வருகிறது. 1603இல் அச்சான முதல் பதிப்பில் அவள் தலைவிரி கோலமாக, லூட் என்ற நரம்பிசைக் கருவியை மீட்டிப் பாடிக்கொண்டு வருகிறாள் என்று மேடைக்குறிப்பு இருக்கிறது. இறந்துபோன முதியவரைப் பற்றி ஒரு பாட்டு, ஏமாற்றப்பட்ட பெண்ணைப் பற்றி ஒரு பாட்டு. ஆளுக்கொரு பூவும் தழையும் கொடுக்கிறாள். வயலட் பூவைத் தந்திருப்பேன், அப்பா இறந்தபோது எல்லாம் வாடிவிட்டன என்கிறாள். ஹாம்லெட் பிதற்றியபோது காதலா, துக்கமா, பதவி ஆசையா என்று அரண்மனையே மண்டையை உடைத்துக்கொண்டது. இவள் பிதற்றும்போதோ, கேட்பவர்கள் தப்பாக எதையாவது ஊகித்துவிடுவார்களே என்பதுதான் அவர்களுடைய கவலை. கவனித்துக்கொள்ளுங்கள் என்று அரசன் ஆள் அனுப்புகிறான். இருந்தும் அவள் ஓடையில் மூழ்கிச் சாகிறாள்.

கடைசி வாட்போருக்கு முன்னால் ஹாம்லெட் அவள் அண்ணன் லயர்டீஸிடம் மன்னிப்புக் கேட்கிறான். எப்படி? உனக்குத் தீங்கு செய்தது ஹாம்லெட் இல்லை, அவனுடைய பித்து; அதனால் ஹாம்லெட்டும் பாதிக்கப்பட்டவனே என்று. பொலோனியஸின் பிணம் கிடந்த அதே அறையில், நான் பைத்தியம் இல்லை, தந்திரமாக நடிக்கிறேன் என்று தாயிடம் சொன்னவன் இவன்! வேறு ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாமே, பொய்யில் ஒதுங்குவது நல்லவனுக்கு அழகில்லையே என்று இந்த இடத்திலும் ஜான்சன்தான் வருந்தியிருக்கிறார். மன்னிப்பை ஏற்பதுபோல் பேசும் லயர்டீஸ் சற்று நேரத்தில் எடுக்கப்போவது விஷம் தோய்த்த வாளை. அந்தப் பேச்சில் இருவருமே ஒஃபீலியாவின் பெயரைச் சொல்வதில்லை.

முழு நாடகத்தையும் நடித்தால் நான்கு மணி நேரம் பிடிக்கும் என்பதால் பெரும்பாலும் வெட்டித்தான் மேடையேற்றுகிறார்கள், புரிகிறது. இதை இயக்குபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். "இருப்பதா, இறப்பதா" வசனத்தில் வேண்டுமானால் நான்கு வரி குறையட்டும். பிரார்த்தனைக் காட்சியில் ஹாம்லெட் பேசுவதையும், லயர்டீஸிடம் அவன் கேட்கும் மன்னிப்பையும் ஒரு சொல்கூடக் குறைக்காமல் பேசவையுங்கள்.